புல்லுக்கு விட்ட வருஷம்

அதிகாரி முன்னாடி என் கூடப்பிறந்த தம்பியைக் காட்டி, "இவரை யாருன்னே தெரியாதுங்க ஐயா"ன்னு சொன்னேன். அவன்தான் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தான். நானும் மடச்சி மாதிரி சொன்னேன்.

கொஞ்சம் முன்னாடியிருந்து சொல்றேன், அப்பத்தான் அவன் பண்ணின வேலை புரியும்.

எங்களுக்கு ஆடுதான் எல்லாம். குளிருக்கு மேட்டுல மேய்ப்போம், வெயில் ஏறினா கிணத்துப் பள்ளத்துக்கு இறங்குவோம். பள்ளத்துல ஒரு கிணறு, ஒரு கல்தொட்டி, சுத்தியும் புல்லு. சினை ஆடு குட்டி போடறது அங்கதான். எங்க அப்பாவோட அப்பா காலத்துலயும் அப்படித்தான். பட்டா கிட்டா எதுவும் கிடையாது. மேய்க்கிறவங்க இருக்கிற வரைக்கும் அவங்களுக்கு, இல்லேன்னா சர்க்காருக்கு. அதுதான் பேச்சு.

சில வருஷத்துக்கு ஒரு தடவை பள்ளத்தைப் புல்லுக்கு விட்டுடுவோம். அது வேர் பிடிக்கணும் இல்லையா? விடறதுன்னா அப்படியே போட்டுட்டுப் போறதில்லை. பட்டியைப் பிரிச்சு முள்ளை அள்ளிடுவோம். புழுக்கையைச் சுத்தமாப் பெருக்கி எடுத்துடுவோம், இல்லேன்னா உண்ணி அதுலயே ஒளிஞ்சு கிடந்து அடுத்த வருஷம் குட்டிங்களைப் பிடிச்சுக்கும். அந்த வருஷம் பள்ளத்தைப் பார்த்தா ஆள் மிதிச்ச இடம்னே தோணாது. அதுல எங்களுக்கு ஒரு பெருமை வேற.

இந்த வருஷம் விடற முறையே இல்லை. சின்னவன்தான் ஆரம்பிச்சான். சின்னவன்னா என் தம்பி, அம்மா போனப்புறம் நான் இடுப்புல வச்சு வளர்த்தவன். ஆள் ஒரு புல் தடுக்கி பயில்வான். மேடு ஏறினா மூச்சு வாங்கும்னு டவுன்ல லாரி ஆபீஸ் வேலைக்குப் போயிட்டான். ஆனா ஆட்டைத் திருப்பற கூப்பாடு மட்டும் அவனுக்கு அப்பா மாதிரியே வரும். அடித்தொண்டையில இழுத்துக் கடைசியில பட்டுனு வெட்டணும். அது எங்க வீட்டுக்குள்ள மட்டும் இருக்கிற குரல். என் வீட்டுக்காரருக்கு இன்னைக்கு வரைக்கும் வரலை, ஆடுங்க அவரை ஒரு ஆளாவே மதிக்காது.

"அக்கா, மழை ஏமாத்திடுச்சு. இந்த வருஷமே பள்ளத்தை விட்டுடலாம். நீயும் மாமாவும் மேட்டுலயே சமாளிங்க"ன்னான்.

"பார்றா! டவுன்காரருக்குப் புல்லு மேல அக்கறை வந்துடுச்சு"ன்னு கிண்டல் பண்ணினேன். உள்ளுக்குள்ள அவ்வளவு சந்தோஷம். லீவு போட்டு வந்து எங்களோட சேர்ந்து அவனே புழுக்கை பெருக்கினான். சட்டையெல்லாம் அழுக்கு. நான்தான் துவைச்சுக் கொடுத்தேன்.

மேட்டுல தண்ணி வத்திப்போச்சு. ஆடுங்க நிறைமாசம். வேற வழியில்லாம பாதியில இறங்கி வந்தோம். பள்ளத்தைச் சுத்திக் கம்பிவேலி! வெயில்ல கரண்ட் எடுக்கிற கம்பெனி ஒண்ணு தகடு பதிக்கப் போகுதாம். யாரும் மேய்க்காத நிலம்னு அளந்து கொடுத்தாச்சாம். அதிகாரி கடைசியா ஒரு தடவை நேர்ல வந்து விசாரிப்பாராம்.

யார்கிட்ட ஓடுவேன்? சின்னவன்கிட்டதான் ஓடினேன்.

"அழாத அக்கா. நானே சாட்சி சொல்றேன். ஆனா தம்பின்னு சொன்னா எடுபடாது. யாரோ வழியில போற லாரிக்காரன்னு இருக்கட்டும். நீயும் காட்டிக்காத"ன்னான். எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு.

அப்படித்தான் அன்னைக்கு வேலி ஓரத்துல நின்னு அவனைத் தெரியாதுன்னு சொன்னேன். வீட்டுக்காரர் என்னமோ சொல்ல வாயெடுத்தார். நறுக்குனு ஒரு கிள்ளு கிள்ளினேன்.

அதிகாரி சின்னவன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

"இந்த வழியாத்தான் சார் லாரி போகும். இங்க ஆடு மேய்ஞ்சு நான் பார்த்ததே இல்லை. இவங்க இப்பத்தான் எங்கேருந்தோ வந்து இறங்கியிருக்காங்க."

வாய் தவறிடுச்சுன்னுதான் முதல்ல நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். "திருத்திச் சொல்லுங்க"ன்னு அவனைப் பார்த்துத் தலைகூட ஆட்டினேன்.

"நாங்க அளக்க வந்தப்பவும் ஒரு புழுக்கைகூட இல்லையேம்மா"ன்னார் அதிகாரி.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அவன் குனிஞ்சு குனிஞ்சு பெருக்கினது உண்ணிக்காக இல்லை.

"அடப்பாவி! நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டியேடா! ஐயா, இவன் என் தம்பிங்க! நான் வளர்த்த பிள்ளைங்க!"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன்.

"இப்பத்தானே தெரியாதுன்னீங்க?"

கம்பெனி மேனேஜர் சிரிச்சான். "நிலம்னு வந்துட்டா எல்லாரும் சொந்தம்தான் சார்." சின்னவன் என்னைப் பார்க்கலை. மேனேஜர் போட்டிருந்த மாதிரியே புது பூட்ஸு போட்டிருந்தான், அதையே பார்த்துக்கிட்டு நின்னான்.

அதுக்குள்ள ஆடுங்க தொட்டித் தண்ணியை மோப்பம் பிடிச்சிடுச்சுங்க. மொத்தமாப் போய் வேலியில முட்ட ஆரம்பிச்சுது. கம்பம் ஆடுது. "விரட்டுங்கடா!"ன்னு மேனேஜர் கத்த, காவக்காரங்க தடியை ஓங்கிட்டு ஓடினாங்க.

அப்பத்தான் சின்னவன் அந்தக் கூப்பாடு போட்டான்.

சினை ஆட்டு மேல அடி விழுமேன்னு பதறினானோ, இல்லை சம்பளம் கொடுக்கிறவன் சொன்னதுக்குச் செஞ்சானோ, எனக்குத் தெரியாது. அப்பா குரல் அப்படியே வந்துச்சு. ஆடுங்க அத்தனையும் தலையைத் தூக்கி, வேலியை விட்டு ஒரே திருப்பமாத் திரும்பிடுச்சு. காவக்காரங்க தடியோட அப்படியே நின்னுட்டாங்க.

"பார்த்தீங்களா ஐயா? தெரியாத ஆளு கூப்பிட்டா ஆடு திரும்புமா?"ன்னு கேட்டேன்.

அதிகாரி ஆட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். நல்லாவே பார்த்தார். அப்புறம் ஜீப்புல ஏறி உட்கார்ந்து, "ஆடெல்லாம் சாட்சி சொல்லாதும்மா"ன்னுட்டுக் கதவைச் சாத்தினார்.

ஆடுங்க திரும்பின வேகத்துல வறண்டு கிடக்கிற மேட்டைப் பார்த்தே நடக்க ஆரம்பிச்சுது. நிறுத்த நானும் கூப்பாடு போட்டேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு, வெறும் காத்துதான் வந்துச்சு. ஒரு ஆடுகூட நிக்கலை. சின்னவன் காட்டின பக்கமே தாகத்தோட போயிக்கிட்டிருந்துச்சுங்க. நானும் வீட்டுக்காரரும் பின்னாடி ஓடினோம்.