ஏழாவது அழைப்பு

ஆறு மணிக்கு எழுகிறேன். வாளித் தண்ணீரில் குளிக்கிறேன். தெருமுனையில் அகாரா வடை வாங்கிவந்து சோளக்கூழோடு தின்கிறேன். தட்டைக் கழுவிவிட்டுக் கணினியைப் போடுகிறேன். காணொளி பதினொரு நிமிடம் ஓடி மறுபடி தொடங்குகிறது. என் மனைவி அபெகே மண் அறைக்குள் போகிறாள். நான் வெளியே தாழ் போடுகிறேன். அவள் வெளியே வருவதில்லை.

பழைய கிரேக்கச் சோக நாடகம் அது. தடையை மீறி அண்ணனைப் புதைத்தவளை அரசன் உயிரோடு அடைத்துவிடுகிறான். அபெகே அதை எங்கள் யொருபா இனக் கதைக்குள் கொண்டுவந்தாள். அடைபட்டவளைக் கட்டிக்கொள்ள இக்கு, அதாவது சாவு, மாப்பிள்ளையாக வருகிறான். அவள் அவனைப் புருஷனாக நினைத்து, "என்னங்க, திறங்க" என்று ஆறு முறை கூப்பிட வேண்டும்.

"நெசமாவே முடியலன்னா என் பேரச் சொல்லு. துரோஜாயேன்னு. உடனே திறந்துடுறேன்," என்றேன்.

"உங்க பேரயா? எங்கம்மா காதுல விழுந்தா நாக்க இழுத்து வச்சு அறுத்துருவாங்க."

எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. கல்யாணமான மூன்று வருடத்தில் அவளும் சொன்னதில்லை. ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரைச் சுவருக்குப் பின்னால் வைத்திருந்தேன். புகை அறைக்குள் இறங்கியது எனக்குத் தெரியாது. சுவர் ஓட்டை வழியாகப் படமெடுத்தேன். ஆறு முறை கூப்பிட்டாள். ஏழாவது முறையும் கூப்பிட்டாள். பிரமாதமாக நடிக்கிறாள் என்று முகத்தைக் கேமராவில் நெருக்கமாகப் பிடித்தேன். பிறகு ஏதோ முணுமுணுத்தாள். பதினோராவது நிமிடம் வரை நான் தாழைத் தொடவில்லை.

படப்பிடிப்பு முடிந்து ஓய்வெடுக்கும்போது மயங்கி இறந்துபோனாள் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

நாளை இபாடான் நகரில் இந்தப் படத்தின் கண்காட்சி. அதை நடத்தும் திருமதி லாடிப்போ இன்று காலை அழைத்தார். அந்த முணுமுணுப்பில்தான் படமே இருக்கிறதாம்.

"சாவுகிட்ட என்னதான் தம்பி சொல்றா? கீழ எழுத்துல போட்டுடு."

ஜெனரேட்டர் இரைச்சலை வடிகட்டிக் கேட்டேன். மறுபடியும் கேட்டேன். அவரை அழைத்து, அவள் சாவிடம் பேசவில்லை, என்னிடம்தான் பேசினாள் என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

பிறகு அவள் சொன்னதை அப்படியே திரையில் தட்டினேன்.

"என்னங்க, நெசமாவேதான் கூப்பிடுறேன்."