பம்பு முனகவில்லை

காசநோய் முகாமுக்காக எக்ஸ்ரே வண்டி சித்தேரி மலைக்கு வந்து சேர்ந்ததிலிருந்து, அதில் படம் எடுக்கும் பிளசிக்கு இருப்புக்கொள்ளவில்லை. காற்றில் மரம் சாய்ந்து ஊரில் கரண்ட் இல்லை. இதற்காகவே கொண்டுவந்த புது ஜெனரேட்டரும் கிளம்ப மறுத்தது. நெஞ்சுப் படம் எடுக்க வந்த சனங்கள் வெயில் ஏற ஏற ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

அவள் பார்வை, காத்திருந்தவர்களில் செல்லி என்ற பெண்ணிடமே போய்ப் போய் வந்தது. அவருக்கு மாசக்கணக்கில் இருமல், உடம்பு பாதியாகியிருந்தது. யார் போனாலும் இவர் போய்விடக் கூடாது.

"ஆவுமா ஆவாதா கண்ணு? சாமை அறுப்பு கெடக்குது" என்றார் செல்லி.

"ஆயிரும்ங்க யக்கா. செத்த நேரம் இருங்க."

டிரைவர் மதியழகன் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் ஓய்ந்து நின்றார். "பழசா இருந்தா சோக்க இழுப்பேன், கார்பரேட்டரக் கழட்டி ஊதுவேன். இதுல ரெண்டும் இல்லீங்க மேடம்."

வாங்கியபோது கடைக்காரர் சொன்னதைப் பிளசி நினைவில் துழாவினாள். இந்த இன்ஜின் பெட்ரோலைத் தானாக உறிஞ்சாது. சின்ன பம்பு ஒன்று அழுத்திக் கொடுக்க, இன்ஜெக்டர் அதைப் பூந்தூறலாகத் தெளிக்கும். காற்றும் சூடும் எப்படி இருக்கின்றன என்று சென்சார்கள் சொல்லும்; அதை வைத்து எவ்வளவு தெளிப்பது என்று உள்ளே இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். மலைமேல் காற்று மெலிந்தால் பெட்ரோலையும் குறைத்துக்கொள்ளும். சாவியைத் திருப்பியதும் பம்பு முனகி ஓயவேண்டும், பிறகுதான் ஸ்டார்ட் செய்யவேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

"அண்ணா, இழுக்காதீங்க. சாவிய மட்டும் திருப்புங்க."

குனிந்து காதைக் கொடுத்தாள். ஒரு சத்தமும் இல்லை.

"பம்பே ஓடலைங்கண்ணா. அப்புறம் இன்ஜினுக்குப் பெட்ரோல் எப்படிப் போவும்?"

மூடியைக் கழற்றி ஒயரைத் தடவிக்கொண்டே போனார்கள். மலைப்பாதைக் குலுக்கலில் பம்புக்குப் போகும் பிளக் பாதி கழன்று தொங்கியது. தூசியைத் துடைத்து அழுத்தினாள். மறுபடி சாவி. மெல்லிய முனகல் எழுந்து அடங்கியது. மதியழகன் இழுத்தார், இன்ஜின் பிடித்துக்கொண்டது.

பிளசி நிமிர்ந்தாள். செல்லி உட்கார்ந்திருந்த இடம் காலி.

செருப்பைக்கூடத் தேடாமல் சரிவில் இறங்கி ஓடினாள். பாதித் தூரத்தில் ஒரு பாறையைப் பிடித்தபடி செல்லி இருமிக்கொண்டு நின்றார்.

"வாங்கக்கா, ஓடுது. கேக்குதுங்களா?"

செல்லி கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்.

படத்தில் வலது நுரையீரலின் மேல்பக்கம் வெள்ளையாகத் திட்டுத் தெரிந்தது.

"டாக்டரு பாத்துச் சொல்லுவாருங்க. சளியும் சோதிக்கணும். இந்த வண்டியிலயே தர்மபுரிக்குப் போயிரலாம்."

"அறுப்ப முடிச்சிட்டு வரேனே."

"அதுக்குள்ள முத்திப்போயிரும்க்கா. மாத்திர சாப்பிட்டா சரியாவறதுதான்."

செல்லி தன் சாமைக் காட்டுப் பக்கம் பார்த்தார். "சரி. வூட்டுல சொல்லிட்டு வந்திர்றேன்."

பிளசிக்கு அவரைத் தனியே அனுப்ப மனம் வரவில்லை. "நானும் வரேங்க" என்று கூடவே நடந்தாள்.