பதினேழாம் எண் ஆஜர்

போன வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்தது சி கிரேடு. கூரை ஒழுகுகிறது என்பதற்காக அல்ல. பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறவில்லை என்பதற்காகவும் அல்ல. பிள்ளைகள் ஒழுங்காக வருவதில்லை என்பதற்காக. இந்த வருஷமும் சி வந்தால் பள்ளியை இழுத்து மூடிவிட்டு, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். ஒரு பள்ளிக்கூடம் நல்லதா கெட்டதா என்று நிறுத்துப் பார்க்க மேலிடத்தில் வைத்திருக்கும் தராசு அப்படி. யார் போய்க் கேட்பது?

தலைமையாசிரியை ஆசிரியர்களைக் கூட்டிவைத்து ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்.

"மதிப்பீடு முடியற வரைக்கும் இந்த ஸ்கூல்ல யாருக்கும் ஜுரம் கிடையாது, வயித்துவலி கிடையாது, சித்தி கல்யாணம் கிடையாது. புரியுதா?"

எல்லோருக்கும் புரிந்தது. பத்தாம் வகுப்பு 'அ' பிரிவின் வகுப்பாசிரியையான கணக்கு டீச்சருக்கும் புரிந்தது. பதினெட்டு வருஷ சர்வீசில், அழுது புரண்டவர்களுக்குக்கூட அரை மார்க் சேர்த்துப் போட்டு அறியாதவள் அவள். மறுநாளிலிருந்து வராத பிள்ளைகளுக்கும் வருகைப் பதிவேட்டில் வந்ததாகச் சாய்கோடு போட ஆரம்பித்தாள். முதல் நாள் கை கூசியது. மூன்றாம் நாள் கூசவில்லை.

மற்ற பிள்ளைகள் ஒரு நாள் இரண்டு நாளில் வந்து சேர்ந்துவிட்டார்கள். பதினேழாம் எண் மட்டும் வரவே இல்லை.

பதினேழாம் எண்ணுக்கு வகுப்பு வைத்திருந்த பெயர் ரேடியோ. டீச்சர் போர்டுப் பக்கம் திரும்பினால் போதும், நடு பெஞ்சில் நிகழ்ச்சி ஆரம்பித்துவிடும். "அம்மா தாயே, கொஞ்ச நேரம் அணைச்சு வைம்மா" என்று டீச்சரே அவளைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். அவள் இல்லாமல் வகுப்பு கப்சிப்பென்று இருந்ததில், உள்ளதைச் சொன்னால் என்ன, டீச்சருக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. "காய்ச்சலா இருக்கும் டீச்சர்" என்றாள் ஒருத்தி. "பெரியம்மா வீட்டுக்குப் போயிருப்பா" என்றாள் இன்னொருத்தி. சரி, வரும்போது வருவாள் என்று டீச்சர் விட்டுவிட்டாள்.

மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஒரு பிள்ளை வராவிட்டால் ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போன் போகும். ஆனால் அந்தப் போன் வராதவர்கள் வீட்டுக்குத்தான் போகும். பதிவேட்டில் தினமும் வந்துகொண்டிருப்பவள் வீட்டுக்கு எதற்குப் போன்?

ஒன்பதாவது நாள் மதிப்பீடு.

முதல் மணி அடிப்பதற்கு முன்பே தலைமையாசிரியை 'ஆ' பிரிவிலிருந்து ஒரு பெண்ணைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார். ஒல்லியான பெண். என்ன தப்புப் பண்ணினோம் என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தாள்.

"அதிகாரி தலையை எண்ணுவார் டீச்சர். பதிவேட்டுல நாப்பத்தொண்ணு, பெஞ்சுல நாப்பதுன்னா கதை முடிஞ்சுது. இவதான் இன்னைக்கு உங்க பதினேழு. 'ஆ' பிரிவுக்கு அவர் போகப்போறதில்ல, விசாரிச்சுட்டேன்."

"மேடம், அந்தப் பொண்ணு வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமா? ஒன்பது நாளாச்சு."

"நாளைக்குக் கேப்போம். இன்னைக்கு எதையும் கிளறாதீங்க."

இரவல் பெண் ரேடியோவின் இடத்தில் போய் உட்கார்ந்தாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரிக்க, வகுப்பு லீடர் திரும்பி ஒரு முறை முறைத்தாள். டீச்சர் பதிவேட்டில் வரிசையாகச் சாய்கோடு போட்டு, ஒன்பது மணிக்கு ஆபீஸுக்குக் கொடுத்தனுப்பினாள். பொய்ப் பதிவு என்று கையும் களவுமாகப் பிடிபட்டால் சஸ்பெண்ட். அதோடு போகுமா? பள்ளிக்கே பூட்டு. நாலு கிலோமீட்டர் தாண்டிப் போய்ப் படி என்றால், இந்த நாற்பது பேரில் பாதிப் பேரை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். தன் வேலையைவிட அந்தப் பயம்தான் பெரிது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதில் எவ்வளவு நிஜம் என்பது அவளுக்கே தெரியாது.

பதினொன்றரைக்கு அதிகாரி வந்தார். கடுவன் பூனை மாதிரி ஒருவரை எதிர்பார்த்திருந்தால், வந்தவர் வாசலில் நின்று "உள்ள வரலாமா டீச்சர்?" என்று அனுமதி கேட்டார். தோளில் துணிப்பை, காதில் பென்சில். இந்த மாதிரி சாதுவான ஆட்களிடம்தான் மாட்டிக்கொள்வோம் என்று டீச்சருக்குப் பயம் இன்னும் கூடியது. தலைமையாசிரியை பின்னாலேயே வந்து கதவோரம் நின்றுகொண்டார்.

அதிகாரி பென்சில் முனையால் காற்றில் தொட்டுத் தொட்டுத் தலைகளை எண்ணினார். நாற்பத்தொன்று. ஆபீஸிலிருந்து கையோடு கொண்டுவந்த பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தார். நாற்பத்தொன்று.

"எல்லா கிளாஸ்லயும் ஒரே ஒருத்தரைத்தான் கூப்பிடுவேன் டீச்சர். அன்னைக்கு என்ன தேதியோ அந்த நம்பர். அப்பதான் யாராவது ஏற்பாடு பண்ணிட்டாங்களோன்னு எனக்கு சந்தேகம் வராது" என்று சொல்லிச் சிரித்தார். "இன்னைக்கு பதினேழு. யாரும்மா பதினேழு?"

டீச்சர் இரவல் பெண்ணைப் பார்த்தாள். நாற்பத்தொரு பேரில், நாற்பத்தொரு பேரில், இதுவா வரவேண்டும்?

இரவல் பெண் எழுந்து நின்றாள். பெயர் கேட்டார். தன் பெயரைச் சொல்ல வாயெடுத்து, விழுங்கி, ரேடியோவின் பெயரைச் சொன்னாள். அவர் போர்டில் ஒரு சமன்பாட்டை எழுதி, காரணிப்படுத்தச் சொன்னார். பெண் போனாள். இரண்டாவது வரியில் சாக்பீஸ் உடைந்தது. மூன்றாவது வரியில் கூட்டலா கழித்தலா என்று கை நின்றுவிட்டது. பிறகு கழித்தல் போட்டாள். விடை சரியாக வந்தது.

"சபாஷ்" என்று சொல்லி அவர் தாளில் எதையோ எழுதினார். டீச்சருக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. கதவோரம் தலைமையாசிரியை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

அதிகாரி பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பெற்றோர் பெயரும் போன் நம்பரும் இருக்கும் பக்கம்.

"ஸ்கூல் எப்படின்னு நான் ஸ்கூல்ல கேக்கறதே இல்ல. கேட்டா எல்லாரும் பிரமாதம்னுதான் சொல்வாங்க. பெத்தவங்களைக் கேட்டாத் தெரிஞ்சுடும்" என்றவர், பதினேழுக்கு நேரே இருந்த நம்பரைத் தன் போனில் அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

அவ்வளவுதான், குட்டு உடைந்தது. ஒன்பது நாளாக என் பொண்ணு காய்ச்சலில் படுத்திருக்கிறாளே என்று அந்த அம்மாள் சொல்லப்போகிறாள். டீச்சர் மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எடுக்கக் கூடாது, எடுக்கவே கூடாது என்று மனசுக்குள் மன்றாடினாள்.

நாலாவது மணியில் எடுத்துவிட்டார்கள். பின்னால் வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம்.

"யாருங்க?"

"உங்க பொண்ணு ஸ்கூல்லேருந்து பேசறேம்மா. பயப்படாதீங்க, நல்ல விஷயம்தான். இப்பதான் என் எதிர்ல போர்டுல ஒரு கணக்கு போட்டா. நல்லா போட்டா."

மெஷின் சத்தத்தை மீறிக் குரல் உயர்ந்தது.

"நீங்க கண்ணால பாத்தீங்களா சார்?"

"இதோ எதிர்லதாம்மா நிக்கிறா."

அவ்வளவுதான், அந்தக் குரல் உடைந்து கொட்ட ஆரம்பித்துவிட்டது. மகளுக்கு அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும் சார். தினமும் எட்டு மணிக்கெல்லாம் யூனிபார்ம் போட்டுக் கிளம்பிடுவா, அஞ்சு மணிக்கு டாண்ணு வந்துடுவா. ஒரு நாள் தப்பாது. நேத்து சாயங்காலம் அத்தை வீட்டுல தங்கிப் படிக்கிறேன்னு பையை எடுத்துட்டுப் போனா. விடியக்காலம் அவங்க அத்தைக்குப் போன் பண்ணினா, இங்க வரவே இல்லையேங்கறாங்க. எனக்கு ஈரக்கொலை நடுங்கிடுச்சு சார். ஒத்தைப் பொம்பளை, யார்கிட்ட போய் சொல்றது? போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பிட்டேன். போற வழியில, ஸ்கூலுக்கு ஒரு போன் போட்டுப் பாத்துடுவோம்னு ஒன்பதே காலுக்குப் போட்டேன். ஆபீஸ்ல நோட்டைப் பாத்துட்டு, வந்திருக்காம்மான்னாங்க. அப்பதான் எனக்கு உசிரு வந்துச்சு. அப்படியே திரும்பி வேலைக்கு வந்துட்டேன்."

கணக்கு டீச்சருக்கு முதலில் எதுவும் உறைக்கவில்லை. மாட்டிக்கொள்ளவில்லை என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நெஞ்சு லேசாகக்கூட ஆனது. அதற்காகப் பிற்பாடு அவள் தன்னை மன்னிக்கவே இல்லை. அடுத்த நொடி எல்லாம் புரிந்தது. காய்ச்சல் இல்லை. பெரியம்மா வீடு இல்லை. ஒன்பது நாளாக அந்தப் பெண் யூனிபார்ம் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறாள், இங்கே வந்து சேரவில்லை. நேற்று ராத்திரி அத்தை வீட்டுக்கும் போகவில்லை. பதினைந்து வயசுப் பெண். எங்கே போனாள், யாரோடு போனாள்? முதல் மூன்று நாளிலேயே போன் போயிருக்கும். இன்று காலையிலாவது பெற்றவள் போலீசுக்குப் போயிருப்பாள். இரண்டையும் தடுத்து நிறுத்தியது இந்தக் கையால் போட்ட கோடு.

"ராத்திரி எங்க தங்கினான்னு சாயங்காலம் வரட்டும், நாலு போடு போட்டுக் கேக்கறேன்" என்று அந்த அம்மாள் அழுகையும் சிரிப்புமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒரே நிமிஷம் அவகிட்ட போனைக் குடுங்க சார். ஒரு வார்த்தை குரலைக் கேட்டுட்டு வெச்சுடறேன். சூப்பர்வைசர் பாத்துட்டே இருக்கார்."

"அதுக்கென்னம்மா, தாராளமா" என்று அதிகாரி போனை இரவல் பெண்ணிடம் நீட்டினார்.

பெண் கையை நீட்டவில்லை. போர்டோடு ஒட்டிக்கொண்டு டீச்சரையே பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு அழுகை வரப்பார்த்தது. கதவோரத்திலிருந்து தலைமையாசிரியை, வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

டீச்சர் நாலு எட்டில் போய் போனை வாங்கிக்கொண்டாள்.

"அம்மா, நான் அவளோட கிளாஸ் டீச்சர் பேசறேன்."

"சொல்லுங்க டீச்சர். ரொம்பப் பேசறாளா?"

"அம்மா, உங்க பொண்ணு இங்க இல்ல. ஒன்பது நாளா ஸ்கூலுக்கு வரல. வந்ததா நோட்டுல போட்டது நான்தான். இங்க நிக்கிறது வேற பொண்ணு. நீங்க உடனே ஸ்டேஷனுக்குக் கிளம்புங்க, நானும் அங்க வரேன்."

அதிகாரி பென்சிலைக் கையில் எடுத்தார். எழுதவில்லை, பிடித்துக்கொண்டு நின்றார். போனில் மெஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

"இல்ல டீச்சர்" என்றாள் அந்த அம்மாள். குரலில் கோபமே இல்லை. புரியாத ஒருவருக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி, பொறுமையாக, தணிந்து பேசினாள். "நல்லாப் பாருங்க. அங்கதான் எங்கயாவது உக்காந்திருப்பா. வந்திருக்கான்னு சொன்னாங்களே."

கணக்கு டீச்சர் போனைக் காதில் வைத்தபடியே, பிரயோஜனமில்லை என்று தெரிந்தும், முதல் பெஞ்சிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள்.