எந்த இடத்தில் குத்துகிறது

பல்செட் செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் செட்டையும் அவர்கள் முடிந்துவிட்டதாகச் சொல்ல மாட்டார்கள். போட்டுக்கொண்டவர் மறுநாள் கன்னத்தைப் பிடித்தபடி வந்து, "இங்கதான் குத்துது" என்று காட்ட வேண்டும். அந்த இடத்தைச் சிற்றரத்தால் ராவிக் கொடுத்த பிறகுதான் அது அவருடைய பல்.

ஊரார் வாய்க்கெல்லாம் அளவெடுத்த இளையவள் இப்போது தன் அம்மாவுக்குச் செய்துகொண்டிருந்தாள். நடக்கவிருந்த இதயச் சிகிச்சைக்கு முன்னேற்பாடாக, சீழ்பிடித்த பற்களை மருத்துவர் ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டிருந்தார். அன்றிலிருந்து அம்மா இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டே பேசினாள். பக்கத்து வீட்டுக் கதவைத் திறக்க வைக்கும் அவளுடைய சிரிப்பு அந்தக் கைக்குள் அடங்கிப்போயிற்று.

"உங்கக்கா வர்றப்போ கையை எடுத்துட்டுச் சிரிக்கணும்டி. என்னை இப்படிப் பாத்தா அவ ஒடிஞ்சிடுவா." அம்மா கேட்டது அது ஒன்றைத்தான்.

மூத்தவள் கடல் கடந்து போய் வெகுகாலம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தவள், புதன் காலையில் தொலைபேசியில் அழைத்து, "டிக்கெட்ட மாத்திட்டேன்டி, நாளைக்கே வந்துடறேன்" என்றாள். அம்மாவின் முகம் மலர்ந்தது. இளையவள் மிச்சமிருந்த மணிநேரங்களை எண்ணினாள்.

பல்செட் செய்யும் லேபுக்கு ஓடி, ரோஜாநிறத் தூளில் மூக்கைத் துளைக்கும் திரவத்தை ஊற்றிக் கிளறினாள். திரவத்தின் சின்னஞ்சிறு மூலக்கூறுகள் அதுவரை ஒன்றோடொன்று ஒட்டுறவில்லாத தனியாட்கள். சூடு பட்டதும் தூளில் கலந்திருக்கும் ஒரு பொருள் உடைந்து முதல் மூலக்கூறைத் தூண்டும், அது அடுத்ததன் கையைப் பிடிக்கும், அடுத்தது அதற்கடுத்ததை. கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரக்கணக்கானவை கைகோத்து நீண்ட சங்கிலியாகிவிடும். பாலிமர் என்பது அந்தச் சங்கிலிதான். ஆனால் கைகோக்கும்போதே அவை தாமாகவும் சூட்டைக் கக்கும். அதனால் கலவையை நிரப்பிய அச்சுப்பெட்டியை வெந்நீரில் இட்டு நிதானமாக வேகவிட வேண்டும். அவசரப்பட்டால், இன்னும் சேராத திரவம் உள்ளேயே கொதித்து ஆவியாகி, குமிழ் குமிழாகத் துளை விட்டுவிடும்.

தெரிந்தேதான் அவள் சூட்டைக் கூட்டினாள். வியாழன் காலையில் பெட்டியைத் திறந்தபோது மேல்செட்டின் தடித்த பகுதியெங்கும் துளைகள்.

"இருந்தா இருந்துட்டுப் போவுது. குடு" என்றாள் அம்மா.

"வாய்லயே உடையும்மா. சேராம மிஞ்சினது ஈறைப் புண்ணாக்கிடும்."

"ஒரு சாயங்காலத்துக்குத்தானேடி? நான் என்ன கல்லையா கடிக்கப் போறேன்? சிரிக்கத்தானே போறேன்."

"முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கே இப்படிக் குடுத்ததில்ல, பெத்தவளுக்குக் குடுப்பேனா? நாளைக்கு நல்லதா தர்றேன்."

"பல்லு மகாராணி சொல்லிட்டாங்க, அப்பீலே கிடையாது" என்று கைக்குள் முனகினாள் அம்மா.

மத்தியானம் மூத்தவள் வந்தாள். அம்மா ஒரு கையால் அணைத்துக்கொண்டாள்; மற்றது வாயை விட்டு நகரவில்லை.

"என்னம்மா, ஏதோ ரகசியம் பேசற மாதிரி பேசற?"

"என் சிரிப்பு உன் தங்கச்சிகிட்ட அடகுல இருக்கு. நாளைக்கு மீட்டுடுவேன், பாரு."

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் தன் தோளில் சாய்ந்து குறட்டை விட்டதை மூத்தவள் நடித்தே காட்டினாள். அம்மாவின் தோள்கள் குலுங்கின, கண்ணில் நீர் வந்தது. கை மட்டும் இறங்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த இளையவள் அதைப் பார்த்தபடியே லேபுக்குப் போனாள்.

பழைய அளவு வார்ப்பின் மேல் மறுபடி பல்லடுக்கி, புதிதாகக் கலந்து, இம்முறை இளஞ்சூட்டில் இரவெல்லாம் விட்டாள். வெள்ளியன்று பெட்டியைத் தானாக ஆறவிட்டுத் திறந்தாள். ஒரு துளை இல்லை. விளக்குக்கு நேரே பிடித்து அவள் மெருகேற்றிக்கொண்டிருந்தபோது மூத்தவள் அழைத்தாள்.

"பேசிட்டே இருந்தாடி... அப்படியே சாஞ்சுட்டா. மூச்சே இல்லடி."

வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் இடது கை கட்டிலில் விழுந்து கிடந்தது. அவள் அத்தனை நாள் மறைத்து வைத்திருந்த குழிந்த வாய் பட்டப்பகலில் திறந்திருந்தது.

"இதுக்கா பொத்திக்கிட்டே இருந்தா?" என்றாள் மூத்தவள். "கண்ணை மூடற வரைக்கும் கையை எடுக்கலடி. நான் பாத்தா என்னவாம்?"

இளையவள் பையைத் திறந்தாள். செட்டை நீரில் நனைத்து, தாடை விறைக்கும் முன் மேலதைப் பொருத்தினாள், பிறகு கீழதை. கன்னங்கள் மேலேறின. வாய் தன் பழைய வடிவத்துக்கு வந்தது.

"அய்யோ, நம்ம அம்மா" என்று மூத்தவள் உடைந்து அழுதாள்.

தாடையைக் கட்டத் துணியோடு வந்த பக்கத்து வீட்டுக்காரியை இளையவள் கையமர்த்தி நிறுத்தினாள். பையிலிருந்த சிற்றரத்தை எடுத்துக்கொண்டாள். ஈறின் ஓரமாக விரலை ஓட்டி, எல்லாருக்கும் மறுநாள் செய்வதைப் போலவே, ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்த்தாள்.

"எங்கம்மா குத்துது?"

இன்னும் குனிந்து, காதருகே கேட்டாள்.

"சொல்லும்மா. எங்க குத்துது?"