செம்புத் தகட்டில் பதித்த கை

கரிசல் நிலம் வெடித்த வாய்களால் வானை நோக்கிக் கிடக்க, வேலிக்கருவேல் மரங்கள் மெலிந்த நிழலைத் தம் காலடியிலேயே சுருட்டிக்கொள்ள, சித்திரை வெயில் உருக்கிய வெள்ளியென ஒழுகிய முற்பகல் அது. விருதுநகரை அடுத்த சூலக்கரையில், பட்டாசு வெடிச்சாலைத் தீயைப் பற்றிய உசாவல் மன்றத்தில், அறுபத்தெட்டு அகவைச் சங்கிலிமுத்து கழுவேறப் போகின்றவர் போல் அமர்ந்திருந்தார்.

கற்றறிந்த நண்பரே, அவர் அஞ்சியது உசாவும் அலுவலரை அன்று, தம் நாவை. சென்ற ஆண்டு நாரணாபுரத்து ஊர்மன்றத்தில் குடிநீர் கேட்க எழுந்தவர், நினைவெல்லாம் துடைத்த பலகையாகிவிட, வணக்கம் என்பதையே மும்முறை கூறி அமர்ந்தார். அன்று முதல் ஊரில் அவர் பெயர் 'மூணு வணக்கம்'.

இம்முறை கேட்பது குடிநீர் அன்று. அத்தீயில் மாண்ட கண்காணி மாரீஸ்வரனின் கவனக்குறைவே அனைத்திற்கும் வித்தென்று முதலாளி தரப்பு எழுதிக் கொடுத்திருந்தது. அத்தீயில் இவருடன் தப்பிய தொழிலாளர்கள் பிழைப்புக்கு அஞ்சி விலகிக்கொண்டனர். இவரும் வாய் திறவாவிடில், இறந்தவன் பழிகாரனாகவே பதிவாவான். அவன் மனைவி செல்லத்தாய் அப்பழியை வாழ்நாளெல்லாம் சுமப்பாள்.

தொழிலாளர் கழகத்து முனியராஜ் அழகிய உரையொன்றை எழுதித் தந்திருந்தான். அழகாகப் பேசுவோரைச் சங்கிலிமுத்து என்றும் நம்பியதில்லை. தம் நாவை அவர்களினும் நம்பாமையால், பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, எட்டு நாள் உருப்போட்டார்.

பெயர் அழைக்கப்பட்டது. ஒலிவாங்கியின் முன் நின்று, "பெருமதிப்பிற்குரிய" என்றார். அதற்கப்பால் ஒன்றுமில்லை, இறைத்து வற்றிய கிணறாயிற்று நெஞ்சு.

"என்ன பெருசு, திரி நமுத்துப் போச்சா?" என்றான் பின்னிருந்த ஒருவன். சிலர் சிரித்தனர்.

வாயிலை நோக்கித் திரும்பியவரின் கண்ணில் செல்லத்தாய் பட்டாள். அவள் அழவில்லை, வெறுங்கைகளை மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். அக்கைகளைக் கண்டதும் இவர் கைக்குத் தன் பழக்கம் நினைவு வந்தது. உடலில் தேங்கிய மின்னூட்டம் நிலத்தில் இறங்க, வெடிமருந்தறை வாயிலின் செம்புத் தகட்டை வெறுங்காலோடு தொட்டபின்னரே உள்ளே புகுவது அத்தொழிலின் வழக்கம்; நாற்பதாண்டு அவர் தவறாத வழக்கம். செருப்பைக் கழற்றினார். ஒலிவாங்கியின் தண்டில் உள்ளங்கையைப் பதித்தார்.

"ஐயா, எழுதிக் குடுத்தது மறந்து போச்சு. வேலைக்குப் போறாப்புல சொல்லுதேன். தகட்டத் தொட்டு உள்ள போறேன். நாலு பேருதான் உக்காரணும். ஆர்டர் அவசரம்னு அன்னைக்கு எட்டுப் பேர உக்கார வச்சாக. வேணாம்னு மாரீஸ்வரன் சண்டை போட்டான். 'இருந்தா இரு, இல்லன்னா வீட்டப் பாத்துப் போ'ன்னாக. மருந்து பொசுங்குற வாடை அடிக்கவும் ஒவ்வொருத்தரா வெளிய தள்ளுனான். கடைசியா என்னையத் தள்ளுனான். அவன் வரல."

அவர் இடக்கை, அவன் தள்ளிய தோளைத் தானாகவே தொட்டுக் காட்டியது.

அலுவலர் எழுதுகோலை எடுத்து, மீண்டும் ஒருமுறை கூறப் பணித்தார். சொல் ஒன்றும் பிறழாது கூறினார். அச்சம் அகன்றதென்று பொய்யுரையேன். தண்டில் பதித்த கையை இறுதிவரை எடுத்தாரில்லை.

வெயில் கொதிக்கும் முற்றத்தில் அவர் வெறுங்காலோடு நடக்க, பின்னே ஓடிவந்தாள் செல்லத்தாய், கையில் அவர் செருப்புகளோடு.

"மாமா, இத மறந்துட்டு வந்துட்டீக."

எழுதித் தந்த உரையை விட்டால், அன்று அவர் மறந்தது அது ஒன்றே.