ஒதுக்கிய அர்த்தங்கள் தங்கிய வீடு

மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று ஒதுக்கிய அர்த்தங்கள் அவர் வீட்டிலேயே தங்கிவிட்டன. முதலில் வந்தது கொக்கு. பளு தூக்கும் இயந்திரத்துக்கும் நெட்டைக்கால் பறவைக்கும் ஆங்கிலத்தில் கிரேன் என்று ஒரே பெயர். ஜெர்மன்காரர்களோ இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலைக் கையேடு ஒன்றை ஆங்கிலத்திலிருந்து ஜெர்மன் மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தவர் இயந்திரத்துக்கான சொல்லைத் தட்டியதும், பறவை போக்கிடம் இல்லாமல் குளியலறையில் வந்து ஒற்றைக்காலில் நின்றது. அவர் அதற்குப் பக்கத்திலேயே முகம் கழுவிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். அங்கே ஸ்பிரிங் என்ற சொல் இருந்தது. சுருள்கம்பியை எடுத்துக்கொண்டார், மிச்சமிருந்த வசந்தகாலம் படுக்கையறைக்குள் புகுந்துகொண்டது, நீரூற்று சமையலறைத் தொட்டிக்கு அடியில் கொப்பளித்தது. கசிவைத் தடுக்கும் சீலுக்கு ஜெர்மன் சொல் அகப்பட்ட மதியம், அதே பெயருள்ள கடல்நாய் குளியல் தொட்டியில் மல்லாந்து படுத்திருந்தது.

மனைவி பொறுத்துப் போனாள். அலமாரிக் கதவில் விட்டிருந்த தளிர்களை நறுக்கிவிட்டுத்தான் காலையில் துணி எடுப்பாள். நாய் வளர்க்கக் கூடாது என்று வீட்டுச் சொந்தக்காரர் சண்டைக்கு வந்தபோது, "இது கடல்நாய்ங்க. ஒப்பந்தத்துல அதைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே" என்று வாதாடித் திருப்பி அனுப்பியவளும் அவள்தான். ஆனால் அவளுடைய அம்மா வந்து தங்கப்போகிறாள் என்றதும் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டாள்.

"அம்மாவுக்கு முட்டிவலி. வீடெல்லாம் ஊத்துத் தண்ணி, வழியில கொக்கு. வழுக்கி விழுந்தா யார் பாக்கறது? இனிமே ஒண்ணுகூட வரக் கூடாது. வந்துச்சுன்னா அம்மாவோட நானும் கிளம்பிடுவேன்."

"பொழப்பை விட்டுட்டு என்ன பண்ணச் சொல்ற?"

"ஒரே ஒரு அர்த்தம் இருக்கிற வார்த்தையா பாத்து வேலை வாங்குங்க."

அப்படிப்பட்ட வார்த்தைகளை வைத்து யாரும் கையேடு எழுதுவதில்லை. அவள் இல்லாத வீட்டில் கொக்கோடும் கடல்நாயோடும் மட்டும் சாப்பிட உட்கார அவருக்கு மனமில்லை. எனவே எதையும் ஒதுக்காமல், நடுவில் சாய்கோடு போட்டு எல்லா அர்த்தங்களையும் எழுதி அனுப்பினார். வீட்டுக்குப் புதிதாக யாரும் வரவில்லை. பிறகு தொழிற்சாலையிலிருந்து தகவல் வந்தது: பொதி கட்டும் பிரிவில் பறவைகள் நிற்கின்றன, தயவுசெய்து ஏதாவது ஒன்றை முடிவு செய்யவும். முடிவு செய்தார். பறவைகள் வரிசையாக வீடு வந்து சேர்ந்தன.

மாமியார் வந்த அன்று அவர் கையில் விளக்குக் கம்பெனியின் விலைப்பட்டியல் இருந்தது. ஆங்கிலத்தில் வெளிச்சமும் லைட், கனமில்லாததும் லைட். ஜெர்மனில் ஒன்றைத்தான் எழுத முடியும். மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். மாமியார் முட்டியைப் பிடித்தபடி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "என்ன மாப்பிள்ளை, வீடா இது, மிருகக்காட்சி சாலையா?" என்றாள். பின்னால் மனைவி பெட்டியோடு நின்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்தைத் தட்டினார். பக்கத்துக்குப் பக்கம் அதே சொல்; தட்டிக்கொண்டே போனார். கண்ணைத் திறந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

"அம்மா, கீழ இறங்கு" என்றாள் மனைவி, கூரையைப் பார்த்து.

மாமியார் காலை நீட்டினாள், மடக்கினாள். "எதுக்குடி இறங்கணும்? முட்டி வலிக்கவே இல்ல. அதிருக்கட்டும், இந்த ஃபேன் மேல இவ்வளவு தூசியை வெச்சுக்கிட்டு எப்படி இருக்கீங்க? ஒரு துணி குடு."

மனைவி பெட்டியைத் திறந்து, ஒரு பழைய துணியை எடுத்து மேலே எறிந்தாள். திறந்த பெட்டியை மறுபடி மூடவில்லை. அடுத்த மாதம் அதில் கொக்கு கூடு கட்டியது. மாமியார் ஊருக்குத் திரும்பவே இல்லை. சாப்பிடும்போது மட்டும் இடுப்பை நாற்காலியோடு கட்டிக்கொள்வாள். சில மாதங்களில் அந்தக் கனமின்மை தீர்ந்து அவள் பாதம் தரைக்குப் பக்கத்தில் வந்துவிடும், முட்டி மெல்லக் குடையத் தொடங்கும். அப்போது அவர் அறைக் கதவைத் தட்டி, "விளக்குக் கம்பெனிக்காரன் ஒண்ணும் அனுப்பலையா மாப்பிள்ளை?" என்று கேட்பாள். விருந்தாளிகளிடம் மனைவி ஒன்றைத்தான் சொல்லி வைப்பாள்: குளியலறைக்குள் போகும்முன் கதவைத் தட்ட வேண்டும், கடல்நாய் கூச்சப்படும்.