புகைக்கூட்டின் கயிறு

கஜலக்சுமிக்கு நல்ல நேரம் என்றால் நல்ல நேரம்தான். காலை ஏழேகாலுக்கும் எட்டு மணிக்கும் இடையில் புதுவீட்டில் பால் பொங்க வேண்டும் என்று ஐயர் போனில் சொல்லிவிட்டார். வீட்டுக்கார மதாம் யூகெனாங் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வருவதோ பத்து மணிக்கு. சாமான் இறக்கட்டும் என்று முதல் நாளே கதவுத் திறப்பைக் கொடுத்திருந்தது அந்த மனுசியின் பெருந்தன்மை. கையெழுத்து விழாத வீட்டில் பால் காய்ச்சலாமோ என்று கணவர் இராஜேந்திரன் கேட்டார். கேட்பதோடு அவர் வேலை முடிந்துவிடும்.

லா ஷோ-து-ஃபோன் என்ற பிரெஞ்சு பேசும் மலைநகரத்தில் அவர்கள் இருபது வருடம் இருந்த அடுக்குமாடியைத் திருத்தப் போகிறார்களாம். மாதக் கடைசிக்குள் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிக் கடிதம் வந்தது. பதினொரு வீடு பார்த்தார்கள், பதினொன்றும் கைநழுவிப் போனது. ஊருக்கு வெளியே நிற்கும் இந்தப் பழைய பண்ணைவீடு பன்னிரண்டாவது. இதுவும் போனால் நாலு நாளில் தெருதான்.

வீட்டைப் பார்க்கப் போன அன்றே மதாம் அதன் கதையை விலாவாரியாகச் சொன்னார். இந்த மலையில் ஆறு கிடையாது, பெய்கிற மழையைச் சுண்ணாம்புக்கல் குடித்துவிடும். அதனால்தான் கூரையை அவ்வளவு அகலமாகக் கட்டி, அதில் விழும் தண்ணீரை நிலத்தடித் தொட்டியில் பிடித்தார்கள். மனிதர், மாடு, வைக்கோல் எல்லாம் அந்த ஒரே கூரைக்குக் கீழே. நூறு வருடம் கழித்து வந்தவர்கள் தெற்குச் சுவரை உடைத்து வரிசையாக ஜன்னல் வைத்தார்கள். பனிக்காலத்தில் அங்கே குந்தியிருந்து மணிக்கூட்டுச் சில்லுகள் செய்தார்களாம். மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் கஜலக்சுமிக்கு அந்த ஜன்னல்களை விட்டு வர மனமே வரவில்லை. நடுவீட்டில் அடுப்படி. அதற்கு மேலே, ஓர் அறையளவு அகலத்தில் தொடங்கி மேலே போகப் போக ஒடுங்கும் பலகைப் புகைக்கூடு.

மின்சாரம் மறுநாள்தான் வரும் என்பது காலையில்தான் தெரிந்தது. அடுப்படி மூலையில் காய்ந்த விறகு கிடந்தது. பிறகென்ன, கஜலக்சுமி அடுப்பை மூட்டிவிட்டாள்.

புகை மேலே போனது, போன வேகத்தில் திரும்பி வந்தது. ஐந்து நிமிடத்தில் ஆளை ஆள் தெரியவில்லை. இராஜேந்திரன் இருமிக்கொண்டே ஜன்னல்களைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கி வழிந்து பாதி நெருப்பை அணைத்தது, புகை இரண்டு மடங்கானது. எந்தப் பக்கம் பொங்கியது என்றுகூட அவளால் பார்க்க முடியவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் மதாமுக்குப் போன் அடித்துவிட்டார்.

வீட்டுச் செருப்போடு காரில் வந்து இறங்கினார் மதாம். எழுபத்தெட்டு வயது. கஜலக்சுமி படித்த பிரெஞ்சு முழுக்க மறந்துபோய் மன்னிப்பு ஒன்றுதான் மிஞ்சியது, அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வீடு போய்விட்டது என்றே நினைத்தாள். மதாம் கதவுக்குப் பின்னால் கை விட்டு, ஆணியில் சுற்றியிருந்த ஒரு கயிற்றை அவிழ்த்து இழுத்தார். உச்சியில் ஒரு பலகை மூடி திறந்தது. வானம் தெரிந்தது. புகை சொன்ன சொல் கேட்டு வெளியே போனது.

"இதைக் காட்டாமல் விட்டது என்னுடைய பிழை," என்றார் மதாம்.

இவர்களுக்கு முன்னால் மூன்று பேர் வந்து பார்த்தார்களாம். ஒருவர் புகைக்கூட்டை இடித்துக் குளியலறை கட்டக் கேட்டார், மற்றவர்கள் கண்ணாடி போட்டு மூடக் கேட்டார்கள். கணவர் இறந்த பிறகு ஒன்பது வருடமாக அடுப்பு எரியவில்லை. புகை படாத மரத்தில் பூச்சி ஏறத் தொடங்கிவிட்டது. வந்தவர்களில் நெருப்பு மூட்டியது நீங்கள் மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டே, காரிலிருந்து எடுத்து வந்த ஒப்பந்தத்தைச் சூட்கேசின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

கஜலக்சுமி அழுதாள், மறைக்கவும் இல்லை. மிஞ்சிய பாலில் சீனி போட்டு முதல் கிளாசை மதாமின் கையில் கொடுத்தாள். அந்த நன்றியைச் சொல்ல அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

மதாம் குடித்துவிட்டு, மேலே கரி பிடித்துத் தொங்கிய கொக்கிகளைப் பார்த்தார். பனிக்காலத்தில், முன்பு போல, ஒரு பன்றித் தொடையும் கொஞ்சம் சொசேஜும் இங்கே புகையில் தொங்கவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

இராஜேந்திரன் நிலத்தைப் பார்த்தார். இருபத்தாறு வருடமாக அவளுடைய குசினிக்குள் ஒரு முட்டைகூட வந்ததில்லை. மீன் தின்ன ஆசை வந்தால் அவர் கூட்டாளி வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

கஜலக்சுமி கொக்கிகளை அண்ணாந்து பார்த்தாள். தொங்கவிடுங்கள், விறகு நானே வைக்கிறேன் என்று பிழையில்லாத பிரெஞ்சில் சொன்னாள்.

மதாமின் கார் போன பிறகு இராஜேந்திரன் மெல்லக் கேட்டார்: "இஞ்சேர், வெள்ளிக்கிழமையிலுமோ?"

அவள் கயிற்றை ஆணியில் கவனமாகச் சுற்றினாள்.

"வெள்ளிக்கிழமை எண்டு புகையை நிப்பாட்டினால், அந்த மனுசியின்ர இறைச்சி பழுதாப் போயிடுமெல்லோ."